ஹெலி இடப்பக்கமே நழுவுகிறது: டிரிம் செய்வதும் அந்தரத்தில் நிறுத்தப் பழகுவதும்

கேள்வி இதுதான்: புதிதாக வாங்கிய ரிமோட் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழுந்ததும் இடப்பக்கமாகவே நழுவுகிறது. டிரிம் பட்டனை வலப்பக்கம் பத்துப் பன்னிரண்டு முறை தட்டிப் பார்த்தாயிற்று. அப்போதும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. டிரிம் எப்படிச் செய்வது? ஹெலியை அந்தரத்தில் நிறுத்த எப்படிப் பழகுவது?

முதலிலேயே ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். டிரிம் எவ்வளவு கச்சிதமாக அமைந்தாலும் ஹெலி தானாக நிற்காது. உள்ளங்கையில் ஒரு நீளக் கழியை நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். கையை அசைக்காமல் வைத்தால் இரண்டு விநாடியில் விழுந்துவிடும். கை ஓயாமல் துளித்துளியாக நகர்ந்துகொண்டே இருந்தால்தான் கழி நிற்கும். ஹோவர், அதாவது அந்தரத்தில் நிறுத்துவது, என்பதும் அதே வித்தைதான். ரிமோட்டின் ஸ்டிக்கை நடுவில் விட்டால் ஹெலி எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கிறது என்றால், அந்த நிரந்தர இழுப்பை எடுப்பது மட்டுமே டிரிமின் வேலை. மீதி எல்லாம் உங்கள் கட்டைவிரலின் வேலை. புதிதாக வருபவர்கள் விரல் செய்ய வேண்டியதை டிரிமிடம் கேட்கிறார்கள். நானும் முதல் இரண்டு வாரம் அதைத்தான் செய்தேன்.

சரி, ஏன் இடப்பக்கம்? மாடல் ஹெலிகளில் பெரும்பாலானவற்றின் பெரிய ரோட்டர், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அதன் எதிர்விசையால் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும், அதாவது மூக்கு இடப்பக்கம் போகும். அதைத் தடுக்க வால் ரோட்டர் வாலை இடப்பக்கமாகத் தள்ளுகிறது. மூக்கு நேராக நிற்கிறது, நல்லது. ஆனால் அந்தத் தள்ளு விசை எங்கும் போய்விடவில்லை. முழு ஹெலியையும் அது இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட ரோட்டர் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஆகவே காற்றே இல்லாத இடத்தில் சரியாக நிற்கும் ஹெலி, பின்னாலிருந்து பார்க்கும்போது வலது காலைத் தாழ்த்திக்கொண்டு லேசாகச் சரிந்துதான் நிற்கும். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தால் அது இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் சாய்வைப் பார்த்துப் பதறி அதை மட்டமாக்க டிரிம் போடுபவர்கள் நிறையப் பேர். ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றும் மாடலானால் இதை அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுடையது எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. பதில் அதைப் பொறுத்தே மாறும்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் எதிரெதிராகச் சுற்றும் ஹெலி என்றால், மேலே சொன்ன வால் கதை அதற்குப் பொருந்தாது. ஒரு ரோட்டரின் எதிர்விசையை இன்னொன்று கழித்துவிடும். அது பக்கவாட்டில் நழுவினால் எடை ஒரு பக்கம் கூடியிருக்கும், இல்லையென்றால் ஸ்வாஷ்பிளேட்டுக்கு (தண்டைச் சுற்றி அமர்ந்து பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) போகும் இணைப்புக் கம்பி ஒன்று நீளம் பிசகியிருக்கும். மிகச் சின்ன பொம்மை ஹெலிகளில் பக்கவாட்டுக் கட்டுப்பாடே கிடையாது. மூக்கு சுழலாமல் நிற்க ஒரே ஒரு டிரிம் இருக்கும். மூக்கு எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தட்டினால் போதும், வேறு வேலை இல்லை.

தானே மட்டமாகிக்கொள்ளும் சின்ன ஹெலி என்றால், உள்ளே இருக்கும் உணரி 'மட்டம்' என்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறதோ அதுதான் பிரச்சினை. மேடுபள்ளமான இடத்தில் வைத்து பேட்டரியை இணைத்தாலோ, விளக்கு நிலையாக எரிவதற்குள் கையில் எடுத்து ஆட்டினாலோ அது தவறான மட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு டிரிமோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மட்டமான தரையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, மறுபடி இணைத்துப் பாருங்கள். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும்.

அடுத்தது நிஜமான வகை: ஒற்றை ரோட்டர், பிளேடின் கோணத்தை மாற்றி ஏறி இறங்குவது. இதிலும் இரண்டு பிரிவு உண்டு. பழைய அமைப்பில் பிளேடுகளுக்குக் குறுக்காக, நுனியில் சின்னத் துடுப்புகளோடு ஒரு கம்பி சுற்றும், ஃபிளைபார் என்பார்கள். இப்படிக் கம்பியைக் குறுக்கே சுற்றவிட்டு ஹெலியைச் சாந்தப்படுத்தும் யோசனை மாடல்களிலிருந்து நிஜ ஹெலிகாப்டருக்குப் போனது என்பது எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்கரான ஆர்தர் யங் பத்தாண்டுக்கு மேல் சின்ன மாடல்களை வைத்தே ஆராய்ந்து, நுனியில் எடை வைத்த ஒரு நிலைப்படுத்தும் கம்பியைக் கண்டுபிடித்தார். 1941-ல் அந்த மாடலை பெல் விமான நிறுவனத்தாரிடம் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் வழியில் வந்த பெல் 47, 1946-ல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. இன்றைய மாடல்களில் அந்தக் கம்பியைக் காணோம். அதன் வேலையை மூன்று அச்சு கைரோ (சுழற்சியை உணரும் கருவி) கொண்ட ஒரு மின்னணுப் பெட்டி பார்க்கிறது.

இந்த வேறுபாடு டிரிமுக்கு மிக முக்கியம். ஃபிளைபார் உள்ள ஹெலியில் டிரான்ஸ்மிட்டரின், அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டின், டிரிமைத் தட்டலாம். மின்னணுப் பெட்டி உள்ள ஹெலியில் தட்டவே கூடாது. ஏனென்றால், அந்தப் பெட்டி ஸ்டிக் அசைவை 'இவ்வளவு வேகத்தில் சாய்' என்ற கட்டளையாகப் புரிந்துகொள்கிறது. நீங்கள் போட்ட நாலு தட்டு டிரிமையும் அப்படியே எடுத்துக்கொண்டு, 'நிறுத்தச் சொல்லும்வரை வலப்பக்கம் மெதுவாகச் சாய்ந்துகொண்டே இரு' என்று செயல்படும். வாலைப் பூட்டிப் பிடிக்கும் கைரோவிலும் இதே கதைதான்: மூக்கை இடவலம் திருப்பும் ரட்டரின் டிரிமைத் தட்டினால் ஹெலி கடிகாரம் மாதிரி நின்ற இடத்தில் மெல்லச் சுற்றும். என் முதல் ஹெலியில் வால் ஒரு பக்கம் போகிறது என்று தட்டி, அது மறுபக்கம் போகிறது என்று திருப்பித் தட்டி, ஒரு மாலை முழுக்க வீணாக்கினேன். டிரிமை நடுவில் வைத்து, ஸ்டிக்கைத் தொடாமல் மறுபடி இணைத்தபோது எல்லாம் அடங்கிவிட்டது. இந்த வகையில் சரிசெய்ய வேண்டியது இருந்தால் அந்தப் பெட்டியின் அமைவுக்குள் போய், மோட்டாரைத் துண்டித்துவிட்டு, ஸ்வாஷ்பிளேட்டை மட்டமாக்க வேண்டும்.

ஆகவே டிரிமுக்கு முந்தைய வேலையே பெரிய வேலை. எல்லா டிரிமையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோக்களின் (கம்பிகளைத் தள்ளி இழுக்கும் சின்ன மோட்டார்கள்) கைகள் இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா, ஸ்வாஷ்பிளேட் தண்டுக்கு நேர் செங்குத்தாக, மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிசகு இருந்தால் கம்பியின் முனையைக் கழற்றி ஒரு சுற்று, அரைச் சுற்று திருப்பி நீளத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் எடைச் சமன். பிளேடுகளைக் குறுக்காக, வாலுக்குச் செங்குத்தாக வைத்து ரோட்டர் தலையைப் பிடித்துத் தூக்குங்கள். மூக்கு தொங்கினால் பேட்டரியைப் பின்னால் தள்ளுங்கள், வால் தொங்கினால் முன்னால். ஹெலி முன்னோக்கி ஓடுகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு பேட்டரியை ஒரு விரற்கடை நகர்த்தினால் போதும்.

பிளேடுகளைப் பிடிக்கும் போல்ட் எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஹெலியை ஒருக்களித்துப் பிடித்தால் பிளேடு தானாக மடங்கக் கூடாது. லேசாக உதறினால் மடங்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நுனியில் வண்ண ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு ஹெலியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தள்ளி நின்று விளிம்பைப் பாருங்கள். ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. இரண்டு கோடாகத் தெரிந்தால், மேலே போகும் பிளேடின் இணைப்பை அரைச் சுற்று மாற்றி அதன் கோணத்தைக் குறைக்க வேண்டும். இதைச் செய்யும்போது கிட்டே நிற்காதீர்கள். சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரோட்டர் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். பேட்டரியை இணைத்த கணத்திலிருந்து அது பொம்மை இல்லை. அதனால் டிரான்ஸ்மிட்டரில் நீங்கள் முதலில் பழக வேண்டிய பொத்தான் டிரிம் பொத்தான் அல்ல, த்ராட்டில் ஹோல்ட். அதைப் போட்டால் மற்ற ஸ்டிக் எங்கிருந்தாலும் மோட்டார் நிற்கும். ஹெலி விழப்போகிறது என்று தெரிந்த உடனே விரல் தானாக அங்கே போக வேண்டும். தரையில் விழுந்த ஹெலியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், நூறு ரூபாய்ச் சேதம் ஆயிரமாகும் என்பது மட்டுமில்லை, கியரும் சர்வோவும் சேர்ந்தே போய்விடும்.

இனி ஃபிளைபார் ஹெலிக்கு டிரிம் போடும் முறை. காற்று அசையாத நேரம் வேண்டும்; விடியற்காலை நல்லது, உயரமான கூடம் இருந்தால் இன்னும் நல்லது. காற்றில் டிரிம் போட்டால் நீங்கள் சரிசெய்வது காற்றைத்தான். ஹெலியை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பத்து விநாடி பிடியுங்கள். அந்த நேரத்தில் ஹெலியைவிட உங்கள் விரலைக் கவனியுங்கள். அது சராசரியாக எந்தப் பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கிறது? இறக்குங்கள். அந்தப் பக்கம் மூன்று நாலு தட்டு. மறுபடி ஏற்றுங்கள். பறந்துகொண்டிருக்கும்போதே விரலை எடுத்து டிரிமைத் தேடுவது பழகியவர்கள் செய்வது. ஆரம்பத்தில் அந்த அரை விநாடியில் ஹெலி வேலி தாண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு நண்பர் நின்று நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டிக்கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். கடைசியில் பத்துத் தட்டுக்கு மேல் போயிருந்தால், அது இணைப்புக் கம்பியின் நீளத்தில் இருக்கும் தவறு. டிரிமை நடுவுக்குக் கொண்டுவந்து, அந்த அளவைக் கம்பியில் திருப்பிச் சேர்த்துவிடுங்கள். தண்டோ பிளேடுகளைத் தாங்கும் உள்தண்டோ வளைந்திருந்தாலும் டிரிம் எங்கேயும் நிலைகொள்ளாது. தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

இப்போது ஹோவர். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஏன் இது இவ்வளவு கடினம் என்று புரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கார் பொம்மையில் ஸ்டிக்கைத் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். ஹெலியில் அப்படி இல்லை. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ஹெலி சாயத் தொடங்கும். ஸ்டிக்கை விட்டால் சாய்வது நிற்குமே தவிர, சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கும். சாய்ந்திருக்கும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் இருக்கும்வரை இடம் மாறிக்கொண்டே போகும். ஸ்டிக், சாய்வு, வேகம், இடம் என்று நாலு படி. ஹெலி இடம் மாறிவிட்டது என்று கண்டுபிடித்து நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளும்போது மூன்று படி தாமதமாகிவிட்டீர்கள். அதனால் பதறிப் பலமாகத் தள்ளுகிறீர்கள், அது நின்று, திரும்பி, முன்னைவிட வேகமாக மறுபக்கம் வருகிறது. ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு வீச்சும் பெரிதாகி நாலாவது வீச்சில் தரை.

இதற்கு வழி: இடத்தைப் பார்க்காதீர்கள், சாய்வைப் பாருங்கள். ரோட்டர் ஒரு மங்கலான தட்டு மாதிரித் தெரியும். அந்தத் தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறதோ, நகரத் தொடங்குவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் ஒரு தொடு. தொட்ட உடனே ஸ்டிக் நடுவுக்கு. ஹெலி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு அசைவு வேண்டும்: ஓட்டத்தை நிறுத்த எதிர்ப்பக்கம் ஒன்று, அது நிற்கப்போகும்போது அந்தச் சாய்வை எடுக்க இந்தப் பக்கம் ஒன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஹெலி அடிவாங்கும் காரணங்களில் அதற்கே முதலிடம் என்பேன்.

ஸ்டிக்கின் வீச்சை டிரான்ஸ்மிட்டரில் அறுபது எழுபது சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை மந்தமாக்கும் எக்ஸ்போ இருபது முப்பது சதவீதம் வைத்தால் நடுங்கும் விரலைப் பொறுத்துக்கொள்ளும். கால்களுக்குக் குறுக்கே இரண்டு நீளக் குச்சி, நுனிகளில் நாலு இலேசான பந்து என்று ஒரு பயிற்சிக் கால் கட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். கட்டுங்கள். கணினியில் பறக்கும் பயிற்சி மென்பொருள் கிடைத்தால், உங்கள் டிரான்ஸ்மிட்டரையே இணைத்து, நிஜ ஹெலியைத் தொடும் முன் சில மணி நேரமாவது செலவிடுங்கள். அங்கே விழுந்தால் ஒரு பொத்தானில் மறுபடி எழுந்துவிடும்.

முதல் பாடம்: ஹெலிக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி, வால் உங்களைப் பார்க்க நில்லுங்கள். மூக்கு காற்றை எதிர்த்து இருக்கட்டும். அப்படி நின்றால் ஹெலியின் இடவலமும் உங்கள் இடவலமும் ஒன்று. பார்வை மட்டும் மூக்கின் மேல் இருக்க வேண்டும். கிட்டே இருப்பது வால்தான், ஆனால் மூக்கு வலப்பக்கம் திரும்பும்போது வால் இடப்பக்கம் போகும். வாலைப் பார்த்துப் பழகினால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

காலின் மேல் எடை குறைந்து அது தரையில் வழுக்கும் அளவுக்கு மட்டும், ஏறி இறங்கும் ஸ்டிக்கான த்ராட்டிலை ஏற்றி, வழுவழுப்பான தரையில் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். புல்லில் வேண்டாம், கால் சிக்கினால் ரோட்டர் அப்படியே கவிழ்த்துவிடும். ஒரு பேட்டரி, இரண்டு பேட்டரி இப்படிப் போகட்டும். மின்னணுப் பெட்டி உள்ள ஹெலியில் இந்தப் பாடத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: ஹெலி தரையில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்தால், 'சாயச் சொன்னார்கள், சாயவில்லையே' என்று அந்தப் பெட்டி கட்டளையைச் சேர்த்துக்கொண்டே போய், எழும்பும் கணத்தில் ஒரேயடியாகப் புரட்டிவிடும்.

பிறகு எழும்புதல். தயங்கித் தயங்கி ஏற்றுவதுதான் ஆபத்து. ரோட்டர் விட்டத்தின் அளவு உயரம்வரை, கீழே தள்ளிய காற்று தரையில் பட்டு விரிந்து ஹெலியைத் தாங்கும். அந்த மெத்தை சமமாக இருக்காது. ஹெலி அதன் மேல் வழுக்கி வழுக்கிப் போகும். ஒரு சாண் உயரத்தில் நிறுத்துவதைவிட இடுப்பு உயரத்தில் நிறுத்துவது எளிது என்று சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. கால் தரையை விடும்போது ஸ்டிக்கில் மயிரிழை வலப்பக்க அழுத்தம் கொடுத்து, திடமாக இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். இரண்டு விநாடி நிறுத்துங்கள். இறக்குங்கள். அப்புறம் ஐந்து விநாடி. அலைந்தால் துரத்திக்கொண்டு போகாதீர்கள், இறக்கிவிட்டு நீங்கள் நடந்து அதன் பின்னால் போய் நில்லுங்கள். எனக்கு ஒரு முழு நிமிடம் அலையாமல் நிறுத்த முப்பது பேட்டரிக்கு மேல் ஆனது.

ஒரு பேட்டரிக்கு நாலு ஐந்து நிமிடம் என்று டிரான்ஸ்மிட்டரில் நேரம் வைத்துவிடுங்கள். லித்தியம் பாலிமர் செல் முழுதாக 4.2 வோல்ட், இறக்கியபின் அளந்தால் 3.7-க்குக் கீழே போகாதபடி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கத் தொடங்கினால் பேட்டரி மீதமிருந்தாலும் இறக்குங்கள்.

வால் பார்த்த ஹோவர் கைக்கு வந்ததும் பலர் நேராக முன்னோக்கிப் பறக்கப் போய்விடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் போனது திரும்பி வரும்போது மூக்கு உங்களைப் பார்க்கும். அதற்கு முன் மூக்கை இருபது டிகிரி வலப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள், பின் இடப்பக்கம், பின் நாற்பத்தைந்து, பின் முழுப் பக்கவாட்டு. கலங்கினால் ரட்டரால் வாலை உங்கள் பக்கம் திருப்பிவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடுவீர்கள். அந்தத் தப்பிக்கும் வழி கையில் இருப்பதால்தான் இது பத்திரமான பாதை.

மூக்கு உங்களைப் பார்க்கும் நிலைக்கு ஒரு சூத்திரம் உண்டு. அங்கே எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிவிடும். ஆனால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். உங்கள் இடக்கைப் பக்கம் சரிகிறதா, ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளுங்கள், விழப்போகும் பக்கத்துக்கு முட்டுக்கொடுப்பது மாதிரி. உங்களை நோக்கி வருகிறதா, ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுங்கள். இந்தப் பாடத்தை மட்டும் தலைக்கு மேல் உயரத்தில், வழக்கமான தூரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைத்துச் செய்யுங்கள்.